ஹெட்லைட்டுக்கு வைத்த பொட்டு

பொம்மனஹள்ளி ஆயத்த ஆடைத் தொழிற்சாலையில் சாயங்காலச் சங்கு ஊதியதும், கேட்டுக்கு வெளியே நிற்கும் வேன்களின் டிரைவர்கள் எல்லாம் பீடியை அணைத்துவிட்டு சீட்டில் ஏறி உட்கார்ந்துவிடுவார்கள். ஒருவர் மட்டும் கீழே இறங்குவார். இடுப்பில் செருகியிருக்கும் மஞ்சள் துணியை உருவி, ஹெட்லைட் கண்ணாடியைத் துடைப்பார். நாலடி தள்ளி நின்று பார்ப்பார். திருப்தி வராது. வாயால் ஊதி மறுபடியும் துடைப்பார். அதற்குள் பெண்கள் ஏறி, சாப்பாட்டுக் கூடைகளை மடியில் வைத்துக்கொண்டு குரல் கொடுப்பார்கள்.

"அங்கிள், தொடச்சது போதும். கண்ணாடி தேஞ்சுரும். வாங்க."

"ரோடு தெரியணும் இல்லம்மா" என்பார் கிளெமென்ட்.

அவருக்கு இந்தத் தொழில் புதிது. வாலிப வயதிலிருந்து ஒரு அரசுத் தொழிற்சாலையில் லேத் மெஷின் முன்னால் நின்றவர். தொண்ணூறுகளின் நடுவில் நிர்வாகம் விருப்ப ஓய்வு என்று ஒரு திட்டம் கொண்டுவந்தது. விருப்பம் யாருடையது என்று கடைசிவரை யாரும் சொல்லவில்லை. வந்த தொகையை என்ன செய்வது என்று விவேக் நகர் முழுக்க ஆளாளுக்கு யோசனை சொன்னார்கள். கிளெமென்ட் யாரையும் கேட்காமல் ஜோகுபாளையத்துச் சந்தானத்திடமிருந்து ஒரு பழைய வேனை வாங்கினார். விவேக் நகர், ஈஜிபுரா பக்கமிருந்து தையல் வேலைக்குப் போகும் பெண்களைக் காலையில் கொண்டுபோய் விட்டு, மாலையில் கூட்டிவர தொழிற்சாலையோடு ஒப்பந்தம். வீட்டில் அடுப்பு எரிவது அந்த வேனை நம்பித்தான்.

சந்தானம் வண்டியைச் சீராட்டி வளர்த்தவர். முன்னால் எலுமிச்சம்பழமும் மிளகாயும் கோத்துத் தொங்கும். பம்பரில் கறுப்புக் கயிறு. உள்ளே முருகன் படம். இரண்டு ஹெட்லைட்டுக்கும் நட்ட நடுவில் வட்டமாக, கச்சிதமாக, ஒரு கறுப்புப் பொட்டு. இந்தக் கோலத்தோடு வண்டியை மாதா கோயிலுக்குக் கொண்டுபோய்ப் பங்குச் சாமியாரிடம் எப்படி மந்திரித்து வாங்குவது? கிளெமென்ட் முருகன் படத்தை மரியாதையாகச் செய்தித்தாளில் சுற்றிச் சந்தானத்திடம் திருப்பிக் கொடுத்தார். எலுமிச்சம்பழத்தையும் மிளகாயையும் அவிழ்த்துப் போட்டார். கயிற்றை அறுத்தார். பிளேடு வாங்கி உட்கார்ந்து, இரண்டு திருஷ்டிப் பொட்டையும் சுத்தமாகச் சுரண்டி எடுத்தார். பிறகு குழந்தை இயேசு சொரூபத்தை டேஷ்போர்டில் ஒட்டி, கண்ணாடியில் ஜெபமாலையைத் தொங்கவிட்டார். வண்டி பளிச்சென்று இருந்தது.

ஒரு குறைதான். லைட் பத்தவில்லை.

பகலில் ஒன்றும் தெரியாது. பொழுது சாய்ந்து, சில்க் போர்டு தாண்டி மடிவாளா பக்கம் வரும்போது, தார் ரோடும் மண்ணும் ஒரே சாம்பலாகக் கலந்துவிடும். அதே நேரம் எதிரே வருகிற வண்டிகளின் லைட்டோ கண்ணைப் பறிக்கும். ஒவ்வொரு லைட்டைச் சுற்றியும் கிறிஸ்துமஸ் நட்சத்திரம் போல நீள நீளமாகக் கதிர்கள் கிளம்பும்.

"எதிர்ல வர்றவன் எல்லாம் ஸ்டேடியம் லைட்டு மாட்டிக்கினு வர்றான். நம்மளுது மட்டும் மெழுகுவத்தி" என்று முன் சீட்டில் உட்காரும் ஜோசஃபினிடம் அலுத்துக்கொள்வார்.

ஜோசஃபின் தொழிற்சாலையில் தைத்த சட்டைகளைச் சோதிக்கும் வேலை பார்ப்பவள். ஒரு தையல் விலகியிருந்தாலும் சட்டையைத் திருப்பி அனுப்பிவிடுவாள். "எனக்கு நல்லாத்தானே தெரியுது அங்கிள்?" என்பாள்.

"உனக்கென்னம்மா, நீ ஓட்டறியா?"



ஆடுகோடியில் வண்டிகளுக்கு எலெக்ட்ரிக் வேலை செய்யும் முனிகிருஷ்ணனிடம் வேனைக் கொண்டுபோய் நிறுத்தினார் கிளெமென்ட். முனிகிருஷ்ணன் பானெட்டைத் திறந்து, ஒரு ஒயரை விரலால் சுண்டினார்.

"அண்ணா, பல்பு மேல தப்பே இல்ல. பேட்டரியில இருந்து கரண்ட்டு உள்ள சுவிச்சு வரைக்கும் போயி, ஊரு சுத்திக்கினு திரும்ப முன்னாடி வருது. ஒயரைப் பாருங்க, சாம்பாருல கெடச்ச தலைமுடி கணக்கா இருக்குது. பாதி கரண்ட்டு வழியிலயே செத்துப் போவுது. ரிலே போட்டுறலாம்."

"ரிலேன்னா என்னப்பா பண்ணும்?"

"சுவிச்சு ஆர்டர் மட்டும் குடுக்கும். கரண்ட்டு தடி ஒயர்ல பேட்டரியில இருந்து ஸ்ட்ரெயிட்டா பல்புக்கு வரும். நடுவுல ஒரு ஃபியூஸ் போட்டுத் தர்றேன், பயமே வேணா."

தெருக்கோடிக் குழாயில் சொட்டுகிற தண்ணீரை, தொட்டியிலிருந்தே தனிக் குழாய் இழுத்துக் கொண்டுவருகிற மாதிரிதான் இது. நியாயமான வேலை. பழைய வண்டி வைத்திருப்பவர்கள் செய்துகொள்ள வேண்டிய வேலையும்கூட. மஞ்சளாக அழுது வடிந்த லைட் அன்று மாலையே வெள்ளையாகச் சிரித்தது. கிளெமென்ட் அங்கேயே நிறுத்தியிருந்தால் இந்தக் கதையைச் சொல்ல வேண்டிய அவசியமே வந்திருக்காது.

கொஞ்ச நாள் சந்தோஷமாகப் போயிற்று. அப்புறம் மறுபடியும் துணியும் கையுமாக நின்றார். மறுபடியும் ஆடுகோடி.

"அப்படின்னா பல்பை மாத்திறலாங்கண்ணா. அறுபது வாட்டை எடுத்துட்டு நூறு வாட்டு. ரேஸுக்குப் போறவங்க போடறது. ரூல்ல இது கெடையாது. ஆனா எல்லாரும் போடறாங்க, யாரும் கேக்கறதில்ல."

"எல்லாரும் போடறான் இல்ல? அப்ப போடு."

நூறு வாட்டும் பத்தாமல் போனபோது முனிகிருஷ்ணனுக்கே ஆச்சரியமாக இருந்தது. ஆனால் வேண்டாம் என்று சொல்லி வாடிக்கைக்காரரைத் திருப்பி அனுப்ப அவர் கடை வைக்கவில்லை. ஸ்க்ரூ டிரைவரை எடுத்து, லைட்டைக் கொஞ்சம் மேலே பார்க்கிற மாதிரி திருகிவிட்டார். "இப்ப பாருங்கண்ணா, இங்க போட்டா ஓசூர்ல தெரியும்."

அதற்குப் பிறகு எதிரே வந்தவர்கள் கிளெமென்ட்டைப் பார்த்து லைட்டை அடித்து அடித்துக் காட்டினார்கள். லாரிக்காரர்கள் ஹாரனைப் பிடித்து அழுத்தினார்கள். 'டிம்' பண்ணச் சொல்கிறார்கள் என்று சின்னக் குழந்தைக்கும் தெரியும். கிளெமென்ட் மட்டும் அதைப் பொறாமை என்று எடுத்துக்கொண்டார். அவரும் பதிலுக்கு ஃபுல் லைட்டைப் போட்டுக் காட்டுவார்.

ஒருநாள் ஆடுகோடி சிக்னலில் போக்குவரத்துக் காவலர் ஒருவர் வேன் முன்னால் வந்து நின்று, கையைக் கண்ணுக்கு மேல் வைத்துக்கொண்டு லைட்டைக் காட்டினார்.

"லைட்டிகே பொட்டு எல்லி ரீ?" லைட்டுக்குப் பொட்டு எங்கே என்று கன்னடத்தில் கேட்டார்.

கிளெமென்ட்டுக்கு ஒரே வியப்பு. போலீஸ்காரர் கேட்கிற கேள்வியா இது? ஜன்னல் வழியாகத் தலையை நீட்டி, கண்ணாடியில் தொங்கிய ஜெபமாலையைத் தொட்டுக் காட்டி, பணிவாகவே பதில் சொன்னார்.

"நாவு கிறிஸ்டியன்ஸ் சார். பொட்டு இடல்ல." நாங்கள் கிறிஸ்தவர்கள், பொட்டு வைப்பதில்லை என்றார்.

காவலர் ஒரு நொடி விழித்தார். பிறகு தொப்பி குலுங்கச் சிரித்தார். சிக்னல் விழுந்து பின்னால் ஹாரன்கள் அலற, சிரிப்பை அடக்க முடியாமலே "ஹோக்ரீ, ஹோக்ரீ" என்று கையை வீசி அனுப்பிவிட்டார். நல்ல மனுஷன், மத நம்பிக்கையை மதிக்கிறான் என்று கிளெமென்ட் வழியெல்லாம் அவரைப் பாராட்டிக்கொண்டு போனார்.

வீட்டிலும் இதே கதைதான். கூடத்துப் பல்பு நூறு வாட்டாயிற்று. சமையலறைப் பல்பும் நூறு வாட்டாயிற்று. மனைவி லீனா பள்ளிக்கூட ஆசிரியை. விடைத்தாளும் சிவப்பு மையுமாக உட்கார்ந்தவள் ஒருநாள் பேனாவைக் கீழே வைத்தாள்.

"என்னங்க, வண்டியிலயும் லைட்டு பத்தல, வீட்லயும் லைட்டு பத்தல. ஒருவேளை லைட்டு சரியாத்தான் இருக்கோ? ஒருதரம் கண்ணைக் காட்டிட்டு வந்துருவோமே."

"என் கண்ணுக்கு ஒண்ணுமில்ல. லைசென்ஸுக்கு டாக்டரே கையெழுத்து போட்டுக் குடுத்திருக்காரு, பார்வை ஃபர்ஸ்ட் கிளாஸ்னு."

"அந்த டாக்டர் முகத்தை நீங்க பாத்திருக்கீங்களா?"

 பார்த்ததில்லை. வேன் ஓட்டும் உரிமத்துக்கு உடல் தகுதிச் சான்று வேண்டும் என்றபோது, ஏஜென்ட் ஒருவர் 'நீங்க ஏன் அலையறீங்க' என்று அன்போடு வாங்கிக் கொடுத்துவிட்டார். டாக்டர் கிளெமென்ட்டைப் பார்க்கவில்லை, கிளெமென்ட்டும் டாக்டரைப் பார்க்கவில்லை. ஊரில் எல்லோரும் இப்படியே செய்வதால் இதற்கு லஞ்சம் என்ற பெயரும் இல்லை. 'செலவு' என்று சொல்லிக்கொள்கிறார்கள். மற்றவர்கள் உயிரோடு விளையாடுகிற விஷயத்துக்கு எவ்வளவு சாதுவான பெயர்!

உண்மையில் கிளெமென்ட்டுக்கு உள்ளூர ஒரு பயம் இருந்தது. கண்ணில் ஏதாவது கோளாறு என்று டாக்டர் சொல்லிவிட்டால்? வேன் நின்றுவிடும். இருந்த தொகை எல்லாம் வேனுக்குள் இருக்கிறது. ஐம்பத்து நாலு வயதில் இன்னொரு வேலைக்கு எங்கே போவது? பல்பை மாற்றினால் செலவோடு போய்விடும். கண்ணைக் காட்டினால் பிழைப்பே போய்விடும். ஆகவே குற்றம் முழுவதையும் அவர் லைட்டின் தலையில் கட்டினார்.

டிசம்பர் மாதம். கப்பலில் ஏற்ற வேண்டிய சரக்குக்காக வேலை நேரம் நீண்டு, சங்கு ஊதும்போதே இருட்டிவிட்டது. வேனில் பெண்கள் கிறிஸ்துமஸுக்கு எடுத்த துணியைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தார்கள். சில்க் போர்டு தாண்டியதும் தெரு விளக்குகள் ஒன்றும் எரியவில்லை. கிளெமென்ட் ஃபுல் லைட்டைப் போட்டு, ஸ்டீயரிங்கை இறுகப் பிடித்து, முன்னால் குனிந்து ஓட்டிக்கொண்டிருந்தார்.

"அங்கிள், குடம்!" என்றாள் ஜோசஃபின்.

குடத்தை எங்கேயோ மறந்து வைத்துவிட்டாள் போலிருக்கிறது என்று நினைத்தார் கிளெமென்ட். "எந்தக் குடம்மா? ஃபேக்டரியில விட்டுட்டியா?"

"குடம் அங்கிள்! முன்னால! குடம், குடம்!"

அவள் கத்திய கத்தலில், ஏன் என்று தெரியாமலே பிரேக்கை மிதித்தார். பின்னாலிருந்த பெண்கள் ஒருவர் மேல் ஒருவர் சரிந்தார்கள். பம்பரில் ஏதோ மோதியது. பிறகுதான் அவர் கண்ணுக்குத் தெரிந்தது. சிவப்பு, பச்சை, நீலம், மஞ்சள் என்று பிளாஸ்டிக் குடங்கள் ரோடெல்லாம் துள்ளி உருண்டு ஓடிக்கொண்டிருந்தன. அவற்றுக்கு நடுவே ஒரு சைக்கிள் பின்சக்கரம் நெளிந்து கிடந்தது. பக்கத்தில் ஒரு மனிதர் இடது கையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

கிளெமென்ட் கீழே குதித்தார். பயத்தில் இருப்பவன் முதலில் சத்தம்தான் போடுவான். அவரும் போட்டார்.

"இவ்ளோ லைட்டு போட்டுக்கினு வர்றேன், தெரியலையாய்யா? ஓரமா ஒதுங்கக் கூடாதா?"

குடக்காரர் திட்டவில்லை. சைக்கிளில் குடம் விற்கும் தர்மபுரி பக்கத்து மனிதர். வலியில் பல்லைக் கடித்துக்கொண்டு, ஒதுங்காததற்குக் காரணம் சொன்னார்.

"சைக்கிளத் தள்ளிக்கிட்டு ரோட்டத் தாண்டறப்ப லைட்டு நேரா மூஞ்சில அடிச்சுதுங்க. முன்ன போறதா பின்ன வர்றதான்னே தெரியல. கண்ணு அவிஞ்சு போச்சு. அப்படியே நின்னுட்டேன். இத்தாம் பெரிய வெளிச்சம் வச்சிருக்கறாரே, அவருக்கு நம்மள நல்லாத் தெரியும், நிறுத்திருவாருன்னு நெனச்சேனுங்க."

கிளெமென்ட் குனிந்து நெளிந்த சைக்கிளைத் தூக்கி ஓரமாக நிறுத்தினார்.

ஜோசஃபின் உருண்ட குடம் ஒன்றைக் கையில் எடுத்துக்கொண்டு பக்கத்தில் வந்து நின்றாள். கோபமாகக் கேட்டிருந்தால்கூட அவர் சமாளித்திருப்பார். அவள் மெதுவாகக் கேட்டாள்.

"அங்கிள், எங்க எல்லாருக்கும் தெரிஞ்சுது. கடைசி சீட்ல இருக்கற மௌரீன் அக்காகூட 'பாத்துப் போகச் சொல்லு'ன்னு சொன்னாங்க. அவ்ளோ வெளிச்சத்துல, அவ்ளோ கலரா நின்னாரு. உங்களுக்கு மட்டும் ஏன் தெரியல?"

குடக்காரரை வேனில் ஏற்றினார்கள். பெண்கள் குடங்களைப் பொறுக்கி மடியில் வைத்துக்கொண்டார்கள்.  வேறு டிரைவர் யாரும் இல்லை. இவர்தான் ஓட்டியாக வேண்டும். ஜோசஃபின் முன் சீட்டின் விளிம்பில் உட்கார்ந்தாள்.

"மெதுவாப் போங்க, நான் சொல்றேன். லெஃப்ட்ல ஆட்டோ நிக்குது. இப்ப முன்னால பஸ்ஸு. கொஞ்சம் நில்லுங்க, ஒரு அம்மா க்ராஸ் பண்றாங்க. ம், போங்க."

ஆஸ்பத்திரி வரைக்கும் கிளெமென்ட் அவள் கண்ணால்தான் ஓட்டினார். இத்தனை மாதமும் தன் கண்ணால் ஓட்டவில்லை, அதிர்ஷ்டத்தால் ஓட்டியிருக்கிறோம் என்பது அந்த வழியில் அவருக்குப் புரிந்தது. பின்னால் இருந்தவர்கள் ஒவ்வொருவர் வீட்டிலும் யார் யார் காத்துக்கொண்டிருப்பார்கள் என்று நினைத்துக்கொண்டு வண்டியை இன்னும் மெதுவாக்கினார்.

குடக்காரருக்கு மணிக்கட்டு எலும்பு முறிந்திருந்தது. உயிருக்கு ஒன்றுமில்லை. பெண்களை ஆட்டோக்களில் ஏற்றி அனுப்பிவிட்டு, மாவுக்கட்டு போட்டு முடியும்வரை பக்கத்திலேயே இருந்து, வேனை ஆஸ்பத்திரி வளாகத்திலேயே விட்டுவிட்டு, ஆட்டோவில் வீட்டுக்குப் போனார் கிளெமென்ட். நடந்ததை ஒன்று விடாமல் லீனாவிடம் சொன்னார். சொல்லிவிட்டு அழுதார்.

"கண்ணைக் காட்டினா வண்டி நின்னுரும்னு பயந்தேன் லீனா."

"வண்டி நின்னா பரவாயில்லங்க. மறுபடி ஓட்டிக்கலாம். அந்த மனுஷன் மூச்சு நின்னிருந்தா, நாம என்னத்தைக் குடுத்து ஈடு கட்டறது?"

மறுநாள் கண் ஆஸ்பத்திரியில் டாக்டர் அவர் கண்ணில் சின்ன விளக்கை அடித்துப் பார்த்துவிட்டு நாற்காலியில் சாய்ந்தார்.

"ரெண்டு கண்லயும் புரை நல்லா முத்தியிருக்கு. இதோடவா இருட்டுல வேன் ஓட்டறீங்க?"

"லைட்டு பத்தலன்னு நெனச்சேன் டாக்டர். நூறு வாட்டு போட்டேன்."

"ஆயிரம் வாட்டு போட்டாலும் இப்படித்தான். ஜன்னல் கண்ணாடி முழுக்க மூடுபனி, நீங்க வெளியில பல்பை மாத்திக்கிட்டே இருந்தா? எதிர்ல வர்ற வெளிச்சம் எல்லாம் புரையில பட்டு செதறும். அதான் அடுத்தவன் லைட்டு பெருசாவும், உங்க லைட்டு சின்னதாவும் தெரிஞ்சிருக்கு. ஆபரேஷன் பண்ணி லென்ஸ் வெச்சா சரியாப் போயிரும். இதுக்கா இவ்வளவு நாள் பயந்தீங்க?"

தொழிற்சாலை மேற்பார்வையாளரிடம் கிளெமென்ட் தானே போய் உண்மையைச் சொன்னார். அவர் முகம் சுளித்தார், வேறு வேன் அமர்த்திக்கொண்டார். திரும்ப எடுப்போம் என்றும் சொல்லவில்லை, எடுக்க மாட்டோம் என்றும் சொல்லவில்லை. ஆள் வைத்து ஓட்டிவந்த வேன் வீட்டு வாசலில் தார்ப்பாய் போர்த்திக்கொண்டு நின்றது. குடக்காரரின் சைக்கிளுக்குப் புதுச் சக்கரம் மாட்டப்பட்டது. கை கூடும்வரை அவர் வீட்டுக்கு விவேக் நகரிலிருந்து அரிசியும் பருப்பும் போயின. வண்டியை நிறுத்திவைத்த வீட்டில் அது சுலபமான காரியம் இல்லை. லீனா டியூஷன் எடுத்தாள். ஒரு கண்ணுக்கு ஆபரேஷன் ஆயிற்று, பிறகு அடுத்த கண்ணுக்கும் ஆயிற்று.

கட்டுப் பிரித்து, கண்ணாடியும் போட்ட பிறகு, டாக்டர் கொடுத்த உண்மையான சான்றிதழோடு மேற்பார்வையாளரைப் போய்ப் பார்த்தார். அதற்கு முன்பே வேனில் வந்த பெண்கள் அவரிடம் பேசியிருந்தார்கள். 'உள்ளதை மறைக்காம வந்து சொன்னவரு, அவரை நம்பி ஏறலாம் சார்' என்று ஜோசஃபின் சொன்னாளாம். ஒப்பந்தம் திரும்பக் கிடைத்தது. இன்னும் சில வாரம் ஸ்டீயரிங்கைத் தொடக் கூடாது என்று டாக்டர் சொல்லியிருந்ததால், பழைய சொந்தக்காரர் சந்தானத்தையே ஓட்ட வரும்படி கேட்டுக்கொண்டார் கிளெமென்ட்.

சந்தானம் வந்தவுடன் வண்டியை ஒரு சுற்று சுற்றி வந்து, முன்னால் நின்று இடுப்பில் கை வைத்தார்.

"எங்கய்யா பொட்டு?"

"திருஷ்டிப் பொட்டுதானே? தப்பா நெனச்சுக்காதீங்க சந்தானம். நாங்க அதெல்லாம் நம்பறதில்ல. சுரண்டி எடுத்துட்டேன்."

சந்தானம் பம்பரைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். "யோவ், எலுமிச்சம்பழம் திருஷ்டிக்கு. மொளகா திருஷ்டிக்கு. கயிறும் திருஷ்டிக்குத்தான். அதெல்லாம் எடுத்தியே, சரி, உன் இஷ்டம். பொட்டு எந்தச் சாமிக்கும் வெக்கலய்யா! எதிர்ல வர்றவன் கண்ணு கூசக் கூடாதுன்னு லைட்டுக்கு நடுவுல கறுப்பு வைக்கச் சொல்லி டிராஃபிக் போலீஸே கேக்கறது அது!"

கிளெமென்ட்டுக்கு ஆடுகோடி காவலரின் சிரிப்பு நினைவுக்கு வந்தது. அந்த நல்ல மனுஷன் எதற்காகச் சிரித்தார் என்று இப்போது விளங்கிவிட்டது. முகம் சிவந்துபோயிற்று.

அன்று மாலை சந்தானம் ஓட்ட, கிளெமென்ட் பக்கத்தில் உட்கார்ந்து வந்தார். ஜோசஃபின் பின் சீட்டுக்குப் போய்விட்டாள். இருட்டியது. ரோடு ரோடாகத் தெரிந்தது. வெள்ளைக் கோடு தெரிந்தது. எதிரே வந்த லைட்டுகளில் நட்சத்திரக் கதிர்கள் எதுவும் இல்லை. அவை வெறும் லைட்டுகளாகத்தான் இருந்தன. குழந்தை மாதிரி எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டு வந்தார்.

அப்போதுதான் அதையும் பார்த்தார். எதிரே ஸ்கூட்டரில் வந்தவர் ஒரு கையை எடுத்து முகத்துக்குக் குறுக்கே பிடித்தார். ஸ்கூட்டர் தள்ளாடியது. ரோட்டோரம் நடந்து வந்த ஒரு பெண், தோளில் இருந்த குழந்தையின் முகத்தைச் சட்டென்று தன் கழுத்தில் புதைத்துக்கொண்டாள். சைக்கிளில் வந்தவர் இறங்கி, ஓரமாக நின்று, வேன் தாண்டும்வரை தலையைக் குனிந்துகொண்டார். ஒருவர் பாக்கியில்லை. இந்த வேன் வரும் திசைக்கு எல்லோரும் முகத்தை மறைத்துக்கொண்டார்கள்.

"சந்தானம், டிம் பண்ணுங்க. எல்லாரும் கண்ணை மூடிக்கறாங்க."

"டிம்லதான்யா வர்றேன். நூறு வாட்டு போட்டு, மூஞ்சியத் தூக்கி வெச்சிருக்க. இதுக்கு மேல எங்க டிம் ஆவறது?"

இத்தனை மாதமும் இப்படித்தான் இருந்திருக்கிறது. எத்தனை பேர் இப்படித் தள்ளாடினார்களோ, எத்தனை பேர் பள்ளத்தில் காலை விட்டார்களோ. அவர் அதைப் பார்த்ததே இல்லை. தன் வெளிச்சம் அடுத்தவர்களை என்ன பாடு படுத்தியது என்று பார்ப்பதற்கே அவருக்கு ஒரு ஆபரேஷன் தேவைப்பட்டிருக்கிறது. வெட்கம் தாங்கவில்லை.

"ஆடுகோடியில கொஞ்சம் நிறுத்துங்க" என்றார். பின்னால் திரும்பி, "அஞ்சு நிமிஷம் லேட்டாகும்மா, பொறுத்துக்குங்க" என்றார். 

முனிகிருஷ்ணன் கடையில் ஒரு கார் நின்றுகொண்டிருந்தது. கிளெமென்ட் வயதுதான் இருக்கும், ஆபீஸ் போகிறவர் போல இருந்த ஒருவர், நூறு வாட் பல்பு டப்பாவைக் கையில் வைத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"முனி, நூறு வாட்டைக் கழட்டு. பழைய பல்பைப் போடு. லைட்டைக் கீழ எறக்கு."

"ஏங்கண்ணா, இப்ப எல்லாரும் கேட்டு வாங்கிக்கினு போறாங்க. சரி, ரிலேயையும் எடுத்துறவா?"

"ரிலே இருக்கட்டும். ஒயரு மாத்தினதுல ஒரு தப்பும் இல்ல. நம்ம ரோடு நமக்குத் தெரியணும். ஆனா அடுத்தவன் ரோடு அவனுக்கும் தெரியணும் இல்ல?"

வேலை முடிந்தது. சுவரில் லைட்டை அடித்துப் பார்த்து, உயரத்தைச் சரிசெய்தார்கள். கிளெமென்ட் கடையிலிருந்த கறுப்பு பெயின்ட் டப்பாவையும் பிரஷையும் கேட்டு வாங்கினார். வேன் முன்னால் குந்தி உட்கார்ந்து, தான் பிளேடால் சுரண்டிய அதே இடத்தில், வட்டமாக ஒரு பொட்டு வைத்தார். அடுத்த லைட்டுக்கும் வைத்தார்.

பல்பு டப்பாக்காரர் வேனுக்குள் தொங்கிய ஜெபமாலையைப் பார்த்தார், பொட்டையும் பார்த்தார். "என்ன சார், நீங்களும் திருஷ்டியெல்லாம் பாப்பீங்களா?" என்று சிரித்தார்.

கிளெமென்ட் எழுந்து, மஞ்சள் துணியில் கையைத் துடைத்துக்கொண்டார்.

"நம்ம மேல யார் கண்ணும் படக் கூடாதுன்னு வைக்கற பொட்டு இல்ல சார் இது. நம்மால யார் கண்ணும் கெடக் கூடாதுன்னு வைக்கற பொட்டு. உங்களுக்கும் லைட்டு பத்தலையா? அப்ப மொதல்ல பல்பை மாத்தாதீங்க. போய்க் கண்ணைக் காட்டுங்க. எனக்கு இதைத் தெரிஞ்சுக்க ஒரு ஏழையோட கையை ஒடைக்க வேண்டியிருந்தது. உங்களுக்கு வேணாம்."

 அந்த மனிதர் பல்பு டப்பாவை மேஜைமேல் வைத்துவிட்டு, முனிகிருஷ்ணனிடம், "எனக்கு ரிலே மட்டும் போடுப்பா" என்றார்.